ஜாங் ஜுவான்ஜுவானும் பெய்ஜிங் விசிலும்

நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஒலிம்பிக் வரும். கூடவே தென்கொரியப் பெண்களின் வில்வித்தை பத்தி ஒரு கட்டுரையும் தவறாம வரும். "1984ல் இருந்து இவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை"ன்னு ஆரம்பிக்கும். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவர் எழுதினதா இருந்தா, நடுவுல போற போக்குல ஒரு வரி இருக்கும். 2008 பெய்ஜிங்கில் மட்டும் ஒரு சீன வீராங்கனை ஜெயிச்சாங்க, ஆனால் உள்ளூர் ரசிகர்கள் விசில் அடிச்சு கொரியர்களைத் தொந்தரவு பண்ணிட்டாங்க... அவ்ளோதான். அந்த வீராங்கனைக்குப் பேர் கூட பாதி நேரம் இருக்காது.

அந்தப் பேரு ஜாங் ஜுவான்ஜுவான். சீனாவுல குடும்பப் பேர் முதல்ல வரும், அதனால இனிமே ஜாங்னே சுருக்கமா சொல்லிக்கறேன். இந்தப் பதிவு அந்த ஒரு "ஆனால்" பத்தித்தான். விசில் பார்ட்டிகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி உட்காருங்க :-)

நடந்தது என்ன?

தெரியாதவங்களுக்காக முதல்ல கதைச்சுருக்கம்.

ஜாங் 1981ல பிறந்தவங்க. ஊரு ஷான்தோங் மாகாணத்துல கடலோரம் இருக்கற சிங்தாவ். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் அணியில இருந்தாங்க. குழு இறுதிப் போட்டி கொரியாவோட. கடைசி அம்பு கொரியாவின் பார்க் சுங்-ஹியுன் கையில. பத்து விழுந்தாத்தான் கொரியாவுக்குத் தங்கம். பத்து விழுந்துச்சு. கொரியா 241, சீனா 240. ஜாங்குக்கு வெள்ளி.

நாலு வருஷம் கழிச்சு பெய்ஜிங். 2008 ஆகஸ்ட் 10, மறுபடி குழு இறுதி, மறுபடி கொரியா. இந்தத் தடவை 224க்கு 215. மறுபடி வெள்ளி.

அடுத்த நாலாவது நாள், ஆகஸ்ட் 14, தனிநபர் போட்டி. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூணு பேர். கொரியாவோட மூணு பேரும் தரவரிசைச் சுற்றுல முதல் மூணு இடத்துல இருந்தாங்க. பார்க் சுங்-ஹியுன் 673, யுன் ஓக்-ஹீ 667, ஜூ ஹியுன்-ஜங் 664. நம்மாளு ஜாங் 635 எடுத்து 27ஆம் இடம். அட்டவணையைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும். காலிறுதியில மூணாம் இடம், அரையிறுதியில ரெண்டாம் இடம், இறுதியில முதலிடம்னு வரிசையா மூணு கொரியர்கள் நிக்கறாங்க.

காலிறுதி: ஜாங் 106, ஜூ 101.
அரையிறுதி: ஜாங் 115, யுன் 109.
இறுதி: ஜாங் 110, பார்க் 109.

மூணு பேரும் ஒரே நாள்ல காலி. 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் கொரியப் பெண்கள் வச்சிருந்த தங்கம் அன்னைக்குக் கை மாறுச்சு. நாலு வருஷம் முன்னாடி கடைசி அம்புல பத்து போட்டுத் தன்கிட்ட இருந்து தங்கத்தைப் பிடுங்கின அதே பார்க்கை, அதே ஒரு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க ஜாங். சினிமாவுல இப்படி ஒரு க்ளைமாக்ஸ் வச்சா "டைரக்டர் ரொம்ப ஓவரா போறாரு"ன்னு நாமளே எழுதுவோம்.

2012, 2016, 2021ல நடந்த டோக்கியோ, 2024 பாரிஸ்னு அதுக்கப்புறம் நடந்த நாலு ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் மறுபடியும் கொரியாவுக்குத்தான். அதாவது 1984ல இருந்து 2024 வரைக்கும் பதினோரு ஒலிம்பிக், பத்து கொரியப் பெண்கள், ஒரே ஒரு ஜாங்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு நம்ம ஆட்கள் குடுக்கற மரியாதை, "விசில்ல ஜெயிச்சவங்க".

இந்த விஷயத்துல எடுத்து விடற வாதங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

வாதம் 1: "விசில் அடிச்சுத்தான் ஜெயிச்சாங்க"

விசில் அடிச்சது உண்மை. கொரியர்கள் வில்லை இழுத்து நிக்கற நேரத்துல கூட்டத்துல இருந்து சத்தமும் விசிலும் வந்துச்சு. கொரியப் பத்திரிகைகள் பொரிஞ்சு தள்ளுச்சு. அது அநாகரிகம், சந்தேகமே இல்லை. அது ஒண்ணும் சின்ன விஷயமும் இல்லை. ஒலிம்பிக்கில் விடற ரீகர்வ் வில்லுல கிளிக்கர்னு ஒரு சின்னத் தகடு இருக்கும். நாணை முழுசா இழுத்ததும் அம்பு முனை அதைத் தாண்டும், "டிக்"னு ஒரு சத்தம் வரும், அந்த நொடியில விரலை விடணும். அந்த டிக்குக்காகக் காத்திருக்கற ஆளு காதுல விசில் அடிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க. ஆக, விசில் அடிச்சவன் மேல எனக்கும் கடுப்புதான். அவனை அடக்க வேண்டியது போட்டி நடத்தினவங்க வேலை.

ஆனா அய்யாமார்களே, என் கேள்வி வேற. அந்த விசில்தான் ஜாங்குக்குத் தங்கம் வாங்கிக் குடுத்துச்சா?

ஒண்ணு. ஆகஸ்ட் 10ஆம் தேதி குழு இறுதி நடந்தது அதே பெய்ஜிங், அதே மைதானம், எதிர்ல அதே சீனா. உள்ளூர்க் கூட்டம் முழுக்க சீனா பக்கம். கொரியா 9 புள்ளி வித்தியாசத்துல துவைச்சுக் காயப் போட்டுச்சு. உள்ளூர்க் கூட்டம் தங்கம் வாங்கித் தரும்னா அன்னைக்கே வாங்கித் தந்திருக்கணும்ல? பத்தாம் தேதி வேலை செய்யாத மந்திரம் பதினாலாம் தேதி எப்படி வேலை செஞ்சுது?

ரெண்டு. பெய்ஜிங் கூட்டம் சத்தம் போடும்னு கொரியாவுக்கு முன்னாடியே தெரியும். அதுக்காகவே பேஸ்பால் மைதானத்துல, கூச்சல் போடற கூட்டத்துக்கு நடுவுல நின்னு அம்பு விட்டுப் பழகினவங்க அவங்க. இதை அவங்களோட தயாரிப்புக்கு உதாரணமா சிலாகிச்சு எழுதறதும் இதே கட்டுரைகள்தான். "சத்தத்துக்குப் பழகின அணி"ன்னு மேல ஒரு பாராவுல எழுதிட்டு, "சத்தத்தால தோத்த அணி"ன்னு கீழ ஒரு பாராவுல எழுதினா எப்படி? நம்ம பாஷையில சொன்னா, லோடு டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, லைவ்ல விழுந்ததும் "யூசர்கள் நிறைய பேர் வந்துட்டாங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கு.

மூணு. இதுதான் எனக்கு முக்கியமானது. 2004 ஏதென்ஸ்ல தனிநபர் தங்கம் வாங்கினதும் இதே பார்க்தான். இறுதிப் போட்டியில சக கொரியரான லீ சுங்-ஜின்னை ஜெயிச்சாங்க. பார்க் எடுத்த புள்ளி எவ்வளவு தெரியுமா? 110. லீ 108. ஏதென்ஸ்ல சீனக் கூட்டம் இல்லை, சீன எதிராளி இல்லை. பன்னெண்டு அம்புல 110. பெய்ஜிங்ல, விசில் எல்லாம் சேர்த்து, பன்னெண்டு அம்புல 109. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. பார்க் தன்னோட தங்கப் பதக்க ஆட்டத்துக்கு ஒரு புள்ளி குறைவா ஆடினாங்க. ஜாங், ஏதென்ஸ்ல தங்கம் வாங்கின அதே 110ஐ எடுத்தாங்க. ஒரு ஒலிம்பிக் இறுதியில 110ங்கறது தங்கம் வாங்கற ஸ்கோர்னு நாலு வருஷம் முன்னாடியே பார்க் காட்டியாச்சு.

அந்த ஒரு புள்ளியை விசில்தான் தின்னுடுச்சுன்னு சொல்லுவீங்க. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அடுத்த நாள், ஆகஸ்ட் 15, ஆண்கள் இறுதி. கொரியாவின் பார்க் கியுங்-மோ அங்கயும் ஒரு புள்ளியில தோத்தார், 112க்கு 113. ஜெயிச்சவர் உக்ரைன்காரர் விக்டர் ரூபன். அவரோட தங்கத்தை "விசில் தங்கம்"னு யாரும் எழுதி நான் படிச்சதில்லை.

இன்னொண்ணு. 1988 ஒலிம்பிக் நடந்தது சியோல்ல. பெண்கள் தனிநபர் போட்டியில தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணும் கொரியாவுக்கே. சொந்த மண், சொந்த ஜனம். அதுக்கு யாரும் "ஆனால்" போடலை, போடவும் கூடாது, கிம் சூ-நியுங் அவ்வளவு பெரிய ஆளு. அதே தராசைப் பெய்ஜிங்குக்கும் தூக்கிட்டு வாங்கன்னுதான் கேக்கறேன்.

வாதம் 2: "27ஆம் இடத்துல இருந்த ஆளு, சும்மா லக்கு"

சரி, பொட்டி தட்டற ஆளுங்கறதால கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குன்னா அலர்ஜி இருக்கறவங்க ஒரு பத்தி தாண்டிக்குங்க.

தரவரிசைச் சுற்றுல ஆளுக்கு 72 அம்பு. ஜாங்கோட 635ஐ வகுத்தா அம்புக்கு 8.82. மூணு கொரியர்களையும் கூட்டினா 2004, அதாவது அம்புக்கு 9.28. இப்ப ஆகஸ்ட் 14க்கு வாங்க. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூணையும் சேர்த்தா ஜாங் 36 அம்புல 331, அம்புக்கு 9.19. எதிர்த்து ஆடின மூணு கொரியர்கள் சேர்ந்து 36 அம்புல 319, அம்புக்கு 8.86.

கொரியர்கள் தங்களோட தரத்துல இருந்து இறங்கினாங்க, ஒத்துக்கறேன். இன்னும் ஒரு படி மேல போயும் ஒத்துக்கறேன். பார்க்கும் ஜூவும் தரவரிசைச் சுற்றுல விட்ட மாதிரியே விட்டிருந்தா ஜாங் தோத்திருப்பாங்க. அரையிறுதி மட்டும்தான் விதிவிலக்கு. யுன் தன்னோட சராசரியில விட்டிருந்தாலும் 111 சொச்சம்தான் வரும், ஜாங் எடுத்த 115 கிட்ட கூட வர முடியாது.

ஆனா கணக்கோட மறுபாதியையும் பாருங்க. கொரியர்கள் இறங்கினதுக்குக் காரணம் சொல்லிட்டீங்க, விசில். ஜாங் ஏறினதுக்கு என்ன காரணம்? அம்புக்கு 8.82ல இருந்து 9.19. சத்தம் எதிராளியைக் கெடுக்கும், புரியுது. உங்க அம்பைப் பத்துக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்குமா? சொந்த ஊர்க் கூட்டம், "நீதான் கடைசி நம்பிக்கை"ன்னு மொத்த மைதானமும் முதுகுல ஏறி உட்கார்ந்திருக்கு, அப்ப கை நடுங்கறதுதான் இயல்பு. சொந்த மண்ணுல சொதப்பின ஜாம்பவான்கள் லிஸ்ட் எல்லா விளையாட்டுலயும் இருக்கு.

கொஞ்சம் இந்த வேலையோட கஷ்டத்தையும் சொல்லிடறேன். இலக்கு 70 மீட்டர் தள்ளி. பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டம் 12.2 சென்டிமீட்டர். அதாவது ஒரு சிடி அளவு. (சிடின்னா என்னன்னு கேக்கற தம்பி தங்கைகள் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கவும்.) எழுபது மீட்டர் தள்ளி ஒரு சிடியை மாட்டி வச்சு, கூட்டத்துக்கு நடுவுல, எதிராளியும் நீங்களும் மாத்தி மாத்தி ஒவ்வொரு அம்பா விடணும். இதுல பன்னெண்டு அம்புல 115. மொத்தமே அஞ்சு புள்ளிதான் கோட்டை விட்டிருக்காங்க. அதை ஒலிம்பிக் அரையிறுதியில, உலகத்துலயே அன்னைக்கு ரெண்டாம் இடத்துல இருந்த ஆளுக்கு எதிரா. இதுக்குப் பேரு லக்குன்னா, எனக்கும் கொஞ்சம் குடுங்கப்பா.

அடுத்தது, "பன்னெண்டு அம்பு நாக்-அவுட்டே ஒரு லாட்டரி, பழைய மாதிரி நாலு நாள் போட்டின்னா தெரிஞ்சிருக்கும்"னு ஒரு கோஷ்டி. பழைய மாதிரி 288 அம்பு விட்ட கடைசி ஒலிம்பிக் 1984. அதுல தங்கம் கொரியாவின் சோ ஹியாங்-சூன், 2568. வெள்ளி யாருன்னு பாருங்க, சீனாவின் லி லிங்ஜுவான், 2559. 288 அம்புல ஒன்பதே புள்ளிதான் இடைவெளி. சீனா ஏதோ நாக்-அவுட் புண்ணியத்துல இந்த ஆட்டத்துக்குள்ள வந்த நாடு கிடையாது.

நேருக்கு நேர் நாக்-அவுட் முறை வந்தது 1992ல. அதுல இருந்து 2024 வரைக்கும் ஒன்பது ஒலிம்பிக், எட்டு தங்கம் கொரியாவுக்கு. ஒன்பது குலுக்கல்ல எட்டு தடவை ஒரே வீட்டுக்குப் பரிசு விழுந்தா அதை லாட்டரின்னா சொல்லுவோம்? போலீஸ்ல புகார் குடுப்போம். முறை லாட்டரின்னா கொரியா எட்டு தடவை ஜெயிச்சிருக்க முடியாது. லாட்டரி இல்லைன்னா ஜாங் ஜெயிச்சதும் லாட்டரி இல்லை. ரெண்டுல எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கங்க, ரெண்டையும் ஒரே கட்டுரையில வைக்காதீங்க.

வாதம் 3: "ஒரு நாள் கூத்து"

"ஒரு தங்கம்தானே, அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க?" இதைக் கேக்கறவங்க எல்லாம் ரெண்டு மூணு ஒலிம்பிக் தங்கம் வச்சிருக்கறவங்க போல, அலமாரியில இடம் இல்லாம கஷ்டப்படறாங்க.

ஜாங்கோட ஒலிம்பிக் கணக்கு: 2004 குழு வெள்ளி, 2008 குழு வெள்ளி, 2008 தனிநபர் தங்கம். ரெண்டு ஒலிம்பிக், மூணு பதக்கம். ரெண்டு வெள்ளியுமே கொரியாவோட இறுதியில தோத்து வந்தது. "ஒரு நாள்"னு சொல்றவங்க அந்த நாலு வருஷத்தைக் கணக்குல சேர்க்கறதே இல்லை. ஒரு புள்ளியில தங்கம் போன பிறகு அதே வில்லை எடுத்துட்டு மறுபடி பயிற்சிக்குப் போற காலை நேரங்கள் எத்தனை இருந்திருக்கும்? நாலு வருஷம் கழிச்சு அதே எதிராளிகிட்ட 9 புள்ளியில தோத்து, நாலு நாள் கழிச்சு அதே மைதானத்துக்குத் திரும்பி வந்து, இந்தத் தடவை தோளுக்குத் தோள் நிக்க ரெண்டு பேர் இல்லாம, தனியா அதே மூணு பேரையும் வரிசையா எதிர்கொள்றதுக்கு என்ன மாதிரி நெஞ்சு வேணும்? எனக்கு ஒரு ரிலீஸ் ஊத்திக்கிட்டா நாலு நாள் கழிச்சு கீபோர்டைத் தொடவே மனசு வராது.

இன்னொரு விஷயம். ஜாங் தட்டிப் பறிச்சது யாரோ ஏப்பை சாப்பைகிட்ட இருந்து இல்லை. பார்க் சுங்-ஹியுன், 1440க்கு 1405 எடுத்து உலக சாதனை வச்சவங்க. ரெண்டு ஒலிம்பிக்கில் மூணு தங்கம், ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளி எப்படி வந்துச்சுன்னுதான் மேல பார்த்தோம். "பார்க் விசிலால தோத்தாங்க"ன்னு சொல்றது ஜாங்கை மட்டம் தட்டறதோட நிக்கலை, பார்க்கையும்தான் மட்டம் தட்டுது. நாலு பசங்க விசில் அடிச்சா உடைஞ்சு போற ஆளா அவங்க? கடைசி அம்புல பத்து போட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆளு! நல்லா ஆடின ஒருத்தங்களை அன்னைக்கு இன்னொருத்தங்க ஒரு புள்ளி கூட நல்லா ஆடி ஜெயிச்சாங்க. ரெண்டு பேருக்கும் மரியாதையான வாக்கியம் இது ஒண்ணுதான்.

வாதம் 4: "அதெல்லாம் சீன அரசாங்கத் தொழிற்சாலை"

இது அறிவுஜீவி வாதம். விசில் வாதத்தை விட கொஞ்சம் டீசன்ட்டா இருக்கும். சின்ன வயசுலயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, விளையாட்டுப் பள்ளியில போட்டுப் பிழிஞ்சு எடுத்து, பதக்கம் உற்பத்தி பண்றாங்கன்னு. அந்த அமைப்பு மேல எனக்கும் நிறைய விமர்சனம் இருக்கு. குழந்தைப் பருவத்தை விலையாக் குடுத்து வாங்கற பதக்கம் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். ஆனா இந்த வாதத்தை ஜாங் மேல போடறவங்க எதையும் சரி பார்க்கறதில்லை.

பெய்ஜிங்குக்காக சீனா போட்ட பிரசித்தமான திட்டம் "திட்டம் 119". தடகளம், நீச்சல், படகு மாதிரி நீர் விளையாட்டுகள், இதுல எல்லாம் இருக்கற தங்கங்களைக் குறி வச்ச திட்டம். அந்தப் பட்டியல்ல வில்வித்தை இல்லவே இல்லை.

அப்புறம், கொரியா மட்டும் என்ன, தோட்டத்துல தானா காய்ச்சுதா? ஹூண்டாய் குழுமம் 1980கள்ல இருந்து அங்க வில்வித்தைக்குப் பணமும் தலைமையும் குடுத்துட்டு வருது. சங்கத்தோட தலைவர் பதவியில அப்பாவுக்கு அப்புறம் மகன்னு ஹூண்டாய் குடும்பத்து ஆட்களே இருந்திருக்காங்க. நாடு முழுக்க கம்பெனி அணிகள், நகராட்சி அணிகள். தேசிய அணித் தேர்வு ஒலிம்பிக்கை விடக் கொடுமைன்னு சொல்லுவாங்க. டோக்கியோவுல மூணு தங்கம் வாங்கின ஆன் சானுக்கு 2024 பாரிஸ் அணியில இடம் கிடைக்கலை, பார்த்துக்கங்க. அதைப் பார்த்து "ஆகா, என்ன ஒரு அமைப்பு!"ன்னு வாயைப் பொளப்போம். சீனான்னா "தொழிற்சாலை". அங்க அமைப்பு, இங்க தொழிற்சாலை!

தொழிற்சாலைன்னே வச்சுக்குவோம். 1984ல இருந்து 2024 வரைக்கும் அந்தத் தொழிற்சாலையில இருந்து வில்வித்தைக்கு எத்தனை ஒலிம்பிக் தங்கம் வந்திருக்கு? ஆண்கள், பெண்கள், தனிநபர், குழு எல்லாம் சேர்த்து, ஒண்ணே ஒண்ணு. ஜாங் வாங்கினது மட்டும். நாப்பது வருஷத்துல ஒரே ஒரு பொருளைத் தயாரிக்கற தொழிற்சாலையை யாராவது பார்த்திருக்கீங்களா? லி லிங்ஜுவான் அதே அமைப்புல இருந்து வந்து 1984ல வெள்ளி. ஹெ யிங் அதே அமைப்புல இருந்து வந்து 1996ல வெள்ளி. மத்தவங்க நின்ன இடத்தை ஜாங் தாண்டினாங்கன்னா, அந்தத் தாண்டலை அமைப்போட கணக்குல எழுத முடியாது. அது அந்த மனுஷி கணக்கு.

சரி, பிரச்சனை எங்க இருக்கு?

நாலு வாதமும் வேற வேற மாதிரி தெரியும். அடியில ஒரே விஷயம்தான். ஜெயிக்கறது யாருன்னு நாம முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கோம். அவங்க ஜெயிச்சா திறமை. வேற யாராவது ஜெயிச்சா விளக்கம் தேட ஆரம்பிக்கறோம்.

ஒரு சின்னப் பட்டியல் தர்றேன்.

2004 குழு இறுதி: கொரியா 241, சீனா 240.
2012 குழு இறுதி: கொரியா 210, சீனா 209.
2024 குழு இறுதி: கொரியா, சீனா சமம். ஷூட்-ஆஃப்ல கொரியா.

2012 தனிநபர் இறுதி: கொரியாவின் கி போ-பே, மெக்சிகோவின் ஐடா ரோமான் ரெண்டு பேரும் சமம். தங்கத்தைத் தீர்மானிக்க ஆளுக்கு ஒரே ஒரு அம்பு. ரெண்டு பேருமே எட்டு. நடுவுக்குப் பக்கத்துல இருந்தது கி போ-பேயோட அம்பு, தங்கம் அவங்களுக்கு.

இந்த நாலையும் பத்தி என்ன எழுதுவாங்க? "நெருக்கடியில் பதறாத மனஉறுதி." நானும் ஒத்துக்கறேன், மனஉறுதிதான். எட்டுக்கு எட்டு சமமாகி நூலிழையில வந்த தங்கமும் தங்கம்தான். ஆனா 2008ல 110க்கு 109ன்னு வந்தா மட்டும் அது ஏன் விசில் ஆயிடுது? அதே ஒரு புள்ளி. அதே ரெண்டு நாடு. கொரியாவுக்கு விழுந்தா மனஉறுதி, சீனாவுக்கு விழுந்தா சந்தர்ப்பம்.

இதுல அரசியல் உள்குத்து வேற இருக்கு. சீனான்னாலே நம்ம ஊர்ல பலருக்கு ஒரு கடுப்பு. அந்த அரசாங்கத்தைத் திட்டறதுக்கு ஆயிரம் நியாயமான காரணம் இருக்கு, தாராளமாத் திட்டுங்க, நானும் கூட வர்றேன். ஆனா அந்தக் கணக்கை ஒரு வில்லாளிப் பொண்ணோட பன்னெண்டு அம்புல போய்த் தீர்க்காதீங்க. ஆகஸ்ட் 14ஆம் தேதி அந்த நாணை இழுத்தது அரசாங்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. ரெண்டு தடவை வெள்ளியோட திரும்பிப் போன ஒரு இருபத்தேழு வயசுப் பொண்ணு. இருபத்தேழு வயசு, இருபத்தேழாம் இடம். இதைக் கூட ஒரு கட்டுரையில யாரும் ரசிச்சு எழுதலை, அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கறேன். அடுத்த ஒலிம்பிக் வரும். கொரியப் பெண்கள் பத்தி நீங்களும் பதிவு போடுவீங்க, போடணும், அவங்க செஞ்சது அவ்வளவு பெரிய விஷயம். அப்ப 2008 பத்தி ஒரு வரி எழுத வேண்டி வந்தா இப்படி எழுதுங்க: "2008ல் பெய்ஜிங்கில் சீனாவின் ஜாங் ஜுவான்ஜுவான், மூன்று கொரியர்களையும் ஒரே நாளில் வென்று தங்கம் வாங்கினார்." அப்புறம் முற்றுப்புள்ளி வைங்க. "ஆனால்" வேண்டாம்.

விசில் பத்தி எழுதியே ஆகணும்னா, விசில் அடிச்சவங்களைத் திட்டித் தனிப் பதிவு போடுங்க. முதல் பின்னூட்டம் என்னோடது.

பி.கு 1: கொரிய வில்வித்தை ரசிகர் மன்றத்தார் ஆட்டோ அனுப்ப வேண்டாம். பார்க் சுங்-ஹியுன் எனக்கும் பிடிச்ச ஆளுதான்.

பி.கு 2: "அண்ணே, இம்புட்டு நேரம் வில்லைப் பத்திப் பேசறீங்களே, ஒரு தடவையாவது வில்லைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: தென்ன ஓலை ஈர்க்குல வில்லும் அம்பும் செஞ்சு விட்டிருக்கேன். எதிர்வீட்டு மாமி மேல பட்டுச்சு. கூட்டம் விசில் எல்லாம் அடிக்கலை :-)